நிவாரணத்துக்குக் கிளம்பும் மிலிட்டரிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மழைக்கு, வடசென்னை வியாசர்பாடியில் இருக்கும் எங்கள் கிறிஸ்தவ சபையில் வெள்ள நிவாரண வேலைக்குப் புதிதாக நான்கு பேர் வந்தார்கள். நால்வரும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். 2015-ல் நான் சொதப்பியதை எல்லாம் ஒன்று விடாமல் அவர்களும் செய்தார்கள். கிழிந்த துணி கொடுக்காதே, காலாவதியான மாத்திரை கொடுக்காதே என்பதெல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தெருமுனையில் வண்டியை நிறுத்திக் கொடுப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. நான் பட்டாளத்துக்கு ரேஷன் கொடுக்கும் ஆர்மி சர்வீஸ் கோரில் ஸ்டோர் பார்த்த ஹவில்தார். எத்தனை தலை என்ற கணக்கு கைக்கு வராமல் ஒரு முட்டையைக்கூட வெளியே விட்டதில்லை. அப்படிப்பட்டவன், 2015 டிசம்பர் வெள்ளத்தில் என்ன செய்தேன் தெரியுமா? சபையார் சேர்த்துக் கொடுத்த காசில் முந்நூறு பை கட்டி, குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு கேப்டன் காட்டன் கால்வாய் ஓரத்துக்குப் போனேன். உள்தெருவில் வண்டி நுழையாது. முனையிலேயே நிறுத்தி ஹார்ன் அடித்தோம். கால் மணி நேரத்தில் வண்டி காலி. எனக்கு ஒரே பெருமை.

அப்புறம்தான் வெறுங்கையோடு உள்ளே நடந்தேன். கடைசிச் சந்தில் ஒரு தரைத்தள வீடு. முழங்கால் அளவு தண்ணீர். கட்டில் காலுக்கு இரண்டிரண்டு செங்கல் வைத்து, அதன்மேல் ஒரு ஆயா உட்கார்ந்திருந்தார். மடியில் ரேஷன் கார்டு, பிளாஸ்டிக் கவரில். “வண்டி சத்தம் கேட்டுச்சு நைனா. நான் எறங்கி வர்றதுக்குள்ள போயிட்டீங்க” என்றார். திரும்பும் வழியில் முனை மாடி வீட்டு வாசலில் எங்கள் பை நான்கு வரிசையாக இருந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஓடி வந்தவர்களுக்கு நான்தான் கொடுத்தேன்.

இப்போது முந்தின நாள் சாயங்காலமே அந்தத் தெரு மகளிர் குழு அக்கா ஒருவரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிறோம். தரைத்தளமா மாடியா, எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, சர்க்கரை மாத்திரை போடுபவர் உண்டா, படுக்கையில் யாராவது இருக்கிறார்களா, அடுப்பு எரிகிறதா என்று நோட்டில் குறித்துக்கொண்டு, டோக்கனை அங்கேயே கையில் கொடுத்துவிடுவோம். அடுப்பு எரியாத வீட்டுக்கு அரிசி எதற்கு? அங்கே சமைத்த சாப்பாடுதான் போகும். விநியோகம் கடைசி வீட்டில் ஆரம்பித்து முனைக்கு வரும். புதியவர்களிடம் இதைச் சொன்னால், “டைம் ஆகும் அண்ணே” என்கிறார்கள். ஆகும்தான். கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கி, வண்டி சுற்றிக்கொண்டு வருகிற நேரத்தில் பாதித் தெருவை எழுதிவிடலாமே!

இருபத்தைந்து வயது என்ற நினைப்பு

முழங்காலில் தேய்மானம், பையில் பிரஷர் மாத்திரை. ஆனால் தண்ணீரைக் கண்டால் குதிக்கத் தோன்றும். தண்ணீர் வடியட்டும் என்று பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்து வைத்திருப்பார்கள். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கையில் நீளக் கம்பு இல்லாமல் இறங்காதீர்கள். கயிறு பிடிக்கிற வேலையைத் தெருப் பையன்களிடம் விடுங்கள். எங்கே பள்ளம் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பழைய சீருடை

வேண்டாம். 2023-ல் அரசு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவித்திருந்த சமயம். பச்சைச் சட்டையில் போன எங்கள் ஆளை அதிகாரி என்று நினைத்து, டோக்கன் எப்போது வரும் என்று கேட்டு ஒரு தெருவே சூழ்ந்துகொண்டது.

சாப்பாட்டுக்கு முன் ஜெபம்

முதலில் சோறு. கேட்டால் ஜெபம்.

கேட்காமல் கொண்டுபோவது

அதே 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்தது. நாங்கள் பிரெட் பெட்டிகளோடு போய் இறங்கினோம். படகு, வலை, கை கால் எல்லாம் கறுப்பாக நின்ற ஒரு மீனவர், “சோப்பு இருக்கா சார்?” என்றார். எங்களிடம் ஒரு கட்டிகூட இல்லை.

பையில் சபையின் பெயரை அச்சடிப்பது

அந்தக் காசுக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்குங்கள்.