லேப் கருவி வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் புதிதாக ஆய்வகம் தொடங்கும் தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, ஃபண்ட் வந்துடுச்சு, எந்த மெஷின் வாங்கலாம்?" என்பதுதான். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அது ஓடும் என்று திருப்பிக் கேட்டால் பலரும் யோசிக்கத் தொடங்குகிறார்கள். பணம் வீணாவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

செல்லை அடுக்கடுக்காகத் துல்லியமாகப் படமெடுக்கும் நல்ல கான்ஃபோகல் நுண்ணோக்கியின் விலை கோடிக் கணக்கில் போகும். வாரம் நாலு மணி நேர வேலைக்கு அதைச் சொந்தமாக வாங்குவது பெரிய தவறு, அதுவும் இந்த ஊரில் இருந்துகொண்டு. ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகம் பக்கம், என்.சி.பி.எஸ். என்ற உயிரியல் ஆய்வு நிறுவனத்தின் வளாகத்தில் இருக்கும் சி-கேம்ப் (C-CAMP) மையம், வெளி ஆய்வாளர்களுக்கும் ஸ்டார்ட்அப்களுக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு கருவி வசதி தருகிறது. ஆய்வுக் கருவிகளைப் பகிர்ந்துகொள்ள 2020 ஜனவரியில் அரசு தொடங்கிய ஐ-ஸ்டெம் (I-STEM) இணையதளத்தில், நாடு முழுக்க எந்த நிறுவனத்தில் என்ன கருவி இருக்கிறது என்று தேடிப் பார்த்து அங்கேயே நேரம் கேட்கலாம். வரிசை இருக்கும், அதை மறுக்க முடியாது. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அளந்தே ஆக வேண்டிய மாதிரி என்றால் சொந்தமாக வாங்குங்கள். மற்றதற்கு வரிசையே மேல்.

சரி, வாங்கத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அப்போது கொட்டேஷனின் அடியில் இருக்கும் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். பொது நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்களுக்கு இருந்த 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகை 2022 ஜூலையில் போய்விட்டது. பழைய திட்ட அறிக்கையைப் பார்த்து பட்ஜெட் போட்டால் வரியிலேயே துண்டு விழும்.

அதைவிடப் பெரிய ஓட்டை, கருவி வந்த பிறகான செலவு. மாதிரியை ஒளிரவைத்துப் பார்க்கும் ஃப்ளோரசன்ஸ் நுண்ணோக்கி, பாதரச விளக்கு வைத்தது, கொஞ்சம் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அந்த விளக்கின் ஆயுள் 200, 300 மணி நேரம்தான். எல்.இ.டி. ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்கும். மூலக்கூறின் அமைப்பைக் கண்டறியும் என்.எம்.ஆர். கருவியின் காந்தமோ, நீங்கள் ஒரு மாதிரிகூட வைக்காத மாதத்திலும் திரவ ஹீலியத்தில் −269 டிகிரியில் குளிர்ந்தே இருக்க வேண்டும். யானையை வாங்கினால் தினமும் தீனி போட்டாக வேண்டும். −80 டிகிரி ஃப்ரீசரை, மாதிரிகள் தாங்குமென்றால் −70-இல் வைத்துப் பாருங்கள். மின்சாரம் ஏறக்குறைய 30 சதவீதம் மிச்சமாகும். எத்தனையோ லேப்களில் இதை யாரும் கேட்பதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஏ.எம்.சி. எனும் வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் பற்றி வாரண்டி முடியும்போது பேசிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அப்போது பேரம் பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. டெண்டரிலேயே ஐந்து வருடப் பராமரிப்பு விலையை எழுத்தில் கேளுங்கள். மாதிரியின் கூறுகளைப் பிரிக்கும் காலம் (column), விளக்கு, வடிகட்டி மாதிரியான உதிரிகளின் விலையும் அதில் வரட்டும். வேறு கம்பெனியின் காலம் (column) உங்கள் கருவியில் பொருந்துமா என்பதும் முக்கியம்.

இடத்தைப் பார்க்காமல் ஆர்டர் கொடுப்பது இன்னொரு தவறு. வாடகைக் கட்டடத்தின் லிஃப்டில் பெட்டி ஏறுமா, தரை எடையைத் தாங்குமா என்று முதலிலேயே அளந்துவிடுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் அந்தச் சில நொடிகளுக்கு இடைவெளியே இல்லாமல் மின்சாரம் தரும் ஆன்லைன் யு.பி.எஸ். கட்டாயம். மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் வெற்றிட பம்ப் நின்றுவிட்டால் பழைய நிலைக்கு வர ஒரு நாள்கூடப் பிடிக்கலாம்.

பழைய கருவி வாங்குவது தவறே இல்லை. அதன் மென்பொருள் எந்த விண்டோஸில் ஓடுகிறது, கம்பெனி இன்னும் உதிரிபாகம் தருகிறதா என்று கேட்காமல் வாங்குவதுதான் தவறு. கடைசியாக, விற்பவர் காட்டும் டெமோவை மட்டும் நம்பாதீர்கள். அதே மாடலை ஊரில் வைத்திருக்கும் இரண்டு லேப்களைத் தேடி, அங்கே கருவியைக் கையாளும் டெக்னீஷியனிடம், போன தடவை பழுதானபோது சர்வீஸ் இன்ஜினியர் எத்தனை நாளில் வந்தார் என்று கேளுங்கள்.