குளியலறை மணை ஊறிப்போகாமல் இருக்க

குளியலறையில் போடும் மர மணை முதலில் கெடுவது கால் முனையில்தான். குறுக்கே அறுத்த முகத்தில் மரத்தின் நுண்குழல்கள் வாய்திறந்து நிற்கும்; ஈரத் தரையில் வைத்ததும் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். அதனால் நான்கு கால் முனைகளிலும் எப்பாக்சியை (இரண்டு பாகம் கலந்ததும் இறுகும் பிசின்) மெல்லிசாகப் பூசுங்கள். மரம் அதைக் குடித்ததும் இன்னொரு பூச்சு. இறுகியபின் அடியில் தட்டையான ரப்பர் துண்டு வையுங்கள். காலில் மாட்டும் கிண்ணம் போன்ற புஷ் வேண்டாம், உள்ளே தண்ணீர் தேங்கும்.

தேக்கில் வைரப் பகுதி (நடுவிலுள்ள கருத்த, முற்றிய மரம்) மட்டும் எடுங்கள். ஓரத்து வெளிர் மரம் தேக்கே ஆனாலும் மக்கும். 20 மி.மீ. தடிமன், 40 மி.மீ. அகல ரீப்பர்களை (மரப் பட்டைச் சட்டங்களை) 8 மி.மீ. இடைவெளி விட்டு அடுக்கினால் தண்ணீர் வடியும், காற்றும் புகும். எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு வகை) ஸ்க்ரூ போடுங்கள். இரும்பு ஆணி அடித்தால் அதைச் சுற்றிக் கறுப்புக் கறை படரும். பசை ஒட்டும் இடத்தை முதலில் அசிட்டோனால் துடையுங்கள். தேக்கின் எண்ணெய்ப் பிசுக்கு பசையைப் பிடிக்க விடாது.

வார்னிஷைத் தவிர்ப்பது நல்லது. ஒரு கீறல் விழுந்தால் ஈரம் அடியில் புகுந்து, படலம் வெளுத்து உரியும். டங் எண்ணெயும் (டங் மரக் கொட்டையில் எடுக்கும், மரத்தில் ஊறி இறுகும் எண்ணெய்) டர்பன்டைனும் சம அளவு கலந்து துணியால் தேய்த்து, 20 நிமிடத்தில் மிச்சத்தை ஒற்றி எடுங்கள். 24 மணி நேர இடைவெளியில் மூன்று தடவை. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள்.