பங்கில் இளையோர் குழு தொடங்க: ஆறு பேர், ஒரு நோட்டு, ஒரு மணி நேரம்

பல பங்குகளில், அதாவது ஒரு கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகங்களில், இளையோர் குழு டிசம்பரில் பிறந்து பொங்கலோடு காணாமல் போய்விடுகிறது. குடில் கட்டவும் கேரல்ஸ் போகவும் நாற்பது பேர் ஓடி வருவார்கள். பிப்ரவரியில் நாலு பேர் மிஞ்சுவார்கள். எங்கள் பங்கில் இரண்டு முறை இப்படித்தான் ஆனது. மூன்றாம் முறை விழாவை விட்டுவிட்டு, வாராவாரம் கூடுவதில் தொடங்கினோம். அது நிலைத்தது. அந்த வழியைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. பங்குத்தந்தையைப் பாருங்கள்

ஞாயிறு காலை வேண்டாம், அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வாரநாள் மாலைத் திருப்பலி முடிந்ததும் இரண்டு பேராகப் போங்கள். மூன்றே மூன்று கேளுங்கள்: ஓர் அறை, மாறாத ஒரு நேரம், கூடவே இருக்க ஒரு வழிகாட்டி. அருட்சகோதரி ஒருவரோ, திருமணமான ஒரு தம்பதியோ வழிகாட்டியாக இருந்தால் நல்லது. பங்கு மக்களின் பிரதிநிதிகள் கூடும் பங்குப்பேரவையிலும் சொல்லிவிடுங்கள். மறைமாவட்ட இளைஞர் பணிக்குழுவின் தொடர்பையும் அவரிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.

வயது வரம்பையும் அன்றே பேசி முடியுங்கள். 18 வயது நிறையாதவர்கள் சட்டப்படி குழந்தைகள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அவர்களுக்குப் பொருந்தும். அவர்களை வெளியூர் அழைத்துப் போவதென்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும், பெரியவர்கள் இருவராவது உடன் வருவதும் கட்டாயம்.

2. ஆறு பேரைத் தேடுங்கள்

கோயிலில் அறிவிப்புக் கொடுத்தால் யாரும் வர மாட்டார்கள். அன்பியங்களின் (பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் சிறு குழுக்கள்) பொறுப்பாளர்களிடம் பெயர் வாங்கி வீடு வீடாகப் போங்கள். பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில், "எத்தனை மணிக்கு முடியும்? கூட யார் இருப்பாங்க?" என்று கேட்பார்கள். அது நியாயமான கேள்வி, பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பாடகர் குழுவில் இருப்பவர்களை மட்டும் சேர்க்காதீர்கள். மறையுரை நேரத்தில் வெளியே பைக்கில் சாய்ந்து நிற்கிறானே, அவனையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

3. கூட்டத்தை நடத்துங்கள்

மேடை, மைக் எதுவும் வேண்டாம். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். ஒரு பாடல், சிறு செபம், அந்த ஞாயிற்றின் நற்செய்தி. அப்புறம் பேச்சு. பேச்சு எங்கெங்கோ போகாமல் இருக்க ஒரு நல்ல முறை உண்டு. பெல்ஜியத்தில் இளம் தொழிலாளர்களைத் திரட்டிய அருட்தந்தை யோசேப்பு கார்டைன் தந்த முறை: பார்த்தல், சீர்தூக்குதல், செயல்படுதல். 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவானும் தம் சுற்றுமடலில் இதைப் பரிந்துரைத்தார்.

எங்கள் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தன் தெருவில் மூன்று பிள்ளைகள் பத்தாம் வகுப்புக் கணக்கில் தோற்றுவிட்டு வீட்டிலேயே இருக்கிறார்கள் என்றாள் ஒரு தங்கை. அதுதான் பார்த்தல். லூக்கா 15இல் வரும் காணாமற்போன ஆட்டின் உவமையை எடுத்து வாசித்தோம். இந்தப் பிள்ளைகளை இதுவரை யார் தேடிப் போனார்கள் என்ற கேள்வி வந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் கல்லூரியில் படிக்கும் இருவர் துணைத்தேர்வுக்கு விண்ணப்பம் போட உதவுவதாகவும், தினமும் மாலை கணக்குச் சொல்லித் தருவதாகவும் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த கூட்டம் "எதுவரைக்கும் வந்தது?" என்ற விசாரிப்போடு தொடங்கியது.

ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். பேச்சு சுவையாகப் போனாலும் முடியுங்கள், அடுத்த வாரம் வருவார்கள்.

4. வராதவரைத் தேடுங்கள்

ஒரு நோட்டு போட்டு வருகையை எழுதுங்கள். வராதவர்களுக்கு அன்று இரவே போன் செய்யுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பொதுவாக ஒரு செய்தி போட்டால் போதாது. "ஏன் வரலை?" என்று தொடங்காமல் "நல்லா இருக்கியா?" என்று கேளுங்கள். ஒரு குழு நிலைப்பதும் கலைவதும் இந்த ஒரு போனில்தான் இருக்கிறது என்பேன்.

5. ஆண்டுத் திட்டம்

மாதம் ஒன்றுக்கு மேல் நிகழ்ச்சி வேண்டாம். ஜனவரி 31 இளைஞர்களுக்காக உழைத்த புனிதர் தொன் போஸ்கோவின் திருநாள், தவக்காலத்தில் ஒரு சிலுவைப்பாதை, நவம்பரில் கிறிஸ்து அரசர் பெருவிழா. மறைமாவட்ட அளவிலான உலக இளையோர் நாள் 2021 முதல் அந்தப் பெருவிழாவில்தான் கொண்டாடப்படுகிறது. 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அகுதிஸ் பற்றி ஒரு வாரம் பேசுங்கள். நற்கருணை அற்புதங்களை இணையத்தில் தொகுத்துவைத்த அந்தப் பையன் இறந்தபோது வயது 15 என்றதும் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். திருவிழாவில் நாற்காலி தூக்கவும் தேர் இழுக்கவும் மட்டும் இவர்களைக் கூப்பிடாதீர்கள். இளையோர் எதிர்காலம் மட்டுமல்ல, நிகழ்காலமும் அவர்களே என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் எழுதினார். அதை நம்புகிறோம் என்றால் பங்குப்பேரவையில் அவர்களுக்கு இடமும் பேச நேரமும் கொடுக்க வேண்டும்.

கேரல்ஸ் வசூலை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, அன்றே எழுதி, பேரவையில் வாசித்துவிடுங்கள்.

6. பொறுப்பைக் கைமாற்றுங்கள்

ஜூன் வந்தால் குழு பாதியாகிவிடும். ஒருவர் கல்லூரிக்கு, ஒருவர் சென்னைக்கு, இன்னொருவர் வளைகுடாவுக்கு. அதனால் எந்தப் பொறுப்பும் ஓராண்டுக்கு மட்டும் இருக்கட்டும். தலைவர், செயலர் இருவருக்கும் பக்கத்திலேயே ஒரு துணையாள் இருந்து வேலை பழகட்டும்.

எங்கள் செயலர் படிக்கக் கோயம்புத்தூர் போவதற்கு முந்தின ஞாயிறு, நோட்டைப் புதியவளிடம் கொடுத்தாள். கடைசிப் பக்கத்தில் மூன்று பெயர்கள். எதிரே பென்சிலில், "இவங்க வீட்டுக்கு ஒரு தடவை போயிட்டு வா" என்று எழுதியிருந்தாள்.