குழந்தைகளுடன் வளரும் நாடுகளுக்குப் பயணம்: தடுப்பூசி முதல் ஓ.ஆர்.எஸ். வரை

முதலில் தடுப்பூசி. புறப்படுவதற்கு 4 முதல் 6 வாரங்களுக்கு முன்பே குழந்தைநல மருத்துவரைச் சந்தித்துவிடுங்கள். சில நாடுகளுக்குள் நுழையக் கேட்கப்படும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்ட 10 நாள்களுக்குப் பிறகே செல்லுபடியாகும்.

அடுத்தது, காரில் பொருத்தும் குழந்தை இருக்கை. வாடகைக் கார்களில் அது கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பின்னிருக்கையில் பெல்ட் உண்டா என்பதையும் வண்டி பேசும்போதே கேட்டுவிடுங்கள். மடியில் வைத்துக்கொள்வது ஒருபோதும் பாதுகாப்பு ஆகாது.

மூன்றாவது, தண்ணீர். வடிகட்டி பொருத்திய பாட்டில்களைவிடச் சிறிய எலெக்ட்ரிக் கெட்டிலையே நான் பரிந்துரைப்பேன். பல வடிகட்டிகளில் வைரஸ்கள் தப்பிவிடும். தளதளவென்று 1 நிமிடம் கொதித்த நீரில் நோய்க்கிருமிகள் பிழைப்பதில்லை. 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதி என்றால் 3 நிமிடம் கொதிக்க வேண்டும். பல் துலக்கவும் அந்த நீரையே கொடுங்கள்.

நான்காவதை நிதானமாகப் படியுங்கள். வயிற்றுப்போக்கில் குழந்தைக்கு ஆபத்தாவது, உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதுதான். அதை ஈடுசெய்வது ஓ.ஆர்.எஸ். கரைசல், அதாவது உப்பும் சர்க்கரையும் கலந்த பொடியை நீரில் கரைத்தது. 1 லிட்டருக்கான பொட்டலமும் உண்டு, 200 மி.லி.க்கான பொட்டலமும் உண்டு. பெரியதை ஒரு தம்ளர் நீரில் கரைத்துக் கொடுத்தால், உப்பு மிகுந்து குழந்தையின் நிலை மோசமாகிவிடும். நள்ளிரவில், அழும் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரியாத மொழியில் அச்சிட்டிருந்த பொட்டலத்தில் அந்த அளவைத் தேடியிருக்கிறேன். ஆகவே இப்போதெல்லாம் பொட்டலங்களை வீட்டிலிருந்தே வாங்கி, அளவுக்கோடு போட்ட 1 லிட்டர் பாட்டிலுடன் சேர்த்துக் கைப்பையில் வைத்துக்கொள்கிறேன். கலக்கியதை 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு முறை வயிறு போன பின்பும், 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மி.லி., பெரிய குழந்தைக்கு 100 முதல் 200 மி.லி. கொடுங்கள். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தாதீர்கள். குளிர்பானமும் பழச்சாறும் இந்தக் கரைசலுக்கு மாற்றாகா.

பின்சேர்க்கை: "கொடுத்த உடனே வாந்தி எடுத்துவிடுகிறாளே, என்ன செய்வது?" என்று பெற்றோர் சிலர் கேட்டிருந்தார்கள். 10 நிமிடம் பொறுத்திருந்து, பிறகு 2, 3 நிமிடங்களுக்கு ஒரு தேக்கரண்டி வீதம் மெதுவாகக் கொடுங்கள். கைக்குழந்தைக்கு, ஊசி இல்லாத சிரிஞ்சைக் கன்னத்தின் உட்புறமாக வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவது எளிது. அப்படியும் வாந்தி நிற்காவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கலந்திருந்தாலோ, கண் குழிவிழுந்து அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். போகும் வழியிலும் கரைசலை நிறுத்த வேண்டாம்.