போதையும் மனநோயும் சேர்ந்து வந்தால்: வீட்டார் விடும் தவறுகள்

"முதலில் பழக்கத்தை விடட்டும், மனதைப் பிறகு பார்ப்போம்." மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்படிக் காத்திருந்தே பல பிள்ளைகளின் காலம் போய்விடுகிறது. நித்திரை வராமல், பயம் தாங்காமல் கஞ்சாவைத் தொட்ட பிள்ளை, அந்தப் பயம் அப்படியே இருக்கக் கஞ்சாவை மட்டும் எப்படி விடும்? இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ, பக்கத்து ஆதார வைத்தியசாலையின் மனநல கிளினிக்குக்கோ கூட்டிப் போங்கள்.

அங்கே போயும் "நித்திரை இல்லை டொக்டர்" என்று மட்டும் சொல்லி, ஐஸ் (மெதம்பெட்டமைன் என்ற போதைப்பொருள்) பாவிப்பதை மறைத்துவிடுகிறார்கள். ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள்: என்ன பாவிக்கிறார், எப்போது தொடங்கினார், கடைசியாக எப்போது எடுத்தார், காதில் குரல் கேட்பதும் சந்தேகமும் அதற்கு முன்பே இருந்தனவா. ஐஸால் வந்த சந்தேகம் பெரும்பாலும் நிறுத்திய சில நாட்களில் தணியும். ஒரு மாதம் தாண்டியும் நின்றால் அது தனி மனநோயா என்று பார்க்க வேண்டும். திகதி தெரியாவிட்டால் வைத்தியருக்கு இதைப் பிரித்தறிவது கஷ்டம்.

அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்தாதீர்கள். தினமும் சாராயமோ கசிப்போ குடித்தவருக்குத் திடீரென நிறுத்திய முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களில் உடல் நடுங்கி, ஆளை அடையாளம் தெரியாமல், இல்லாததையெல்லாம் காணலாம். பேய் பிடித்ததென்று நூல் கட்டவும் தண்ணீர் ஓதவும் அலையும் நேரத்தில் உயிரே போய்விடும். நேர்த்தியைப் பிறகு வையுங்கள், ஆஸ்பத்திரிதான் முதலில். ஹெரோயினில் ஆபத்து வேறு மாதிரி: சில வாரம் விட்டிருந்தவர் பழைய அளவையே எடுத்தால் உடல் தாங்காது, மூச்சு நின்றுவிடும்.

இடையில் ஒருநாள் குடித்துவிட்டார் என்பதற்காகக் குளிசைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். உடனே கிளினிக்கில் கேளுங்கள். பலன் தெரியவில்லை என்றும் விட்டுவிடாதீர்கள்: மனச்சோர்வுக் குளிசை வேலை செய்ய 2 முதல் 4 வாரம் எடுக்கும்.

கட்டாருக்கு அனுப்பினால், கலியாணம் கட்டிவைத்தால் திருந்துவான் என்ற நம்பிக்கை வேண்டாம். அங்கே கிளினிக் தொடர்பு அறுந்துவிடும், போதைச் சட்டமும் கடுமை. கலியாணமோ இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் இதற்குள் இழுத்துவிடும்.

ஐஸை நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரம் பெரும்பாலும் நித்திரையும் சோர்வுமாகக் கிடப்பார். அடங்கிவிட்டான் என்று விட்டுவிடாதீர்கள். சாக வேண்டுமென்ற எண்ணம் வரக்கூடிய காலம் அது. வயல் செய்கிற வீடென்றால் பூச்சிமருந்து, களைநாசினி எல்லாவற்றையும் பூட்டி, சாவியை அயல்வீட்டில் கொடுங்கள். "சாக வேணும் போல இருக்கா மகன்?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஓம் என்றால் தனியே விடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். மனநல உதவிக்கு 1926, போதைப்பொருள் ஆலோசனைக்கு 1927.