பால் கட்டிய மார்பில் குழந்தையைப் போடுமுன்

பால் கட்டி மார்பு இறுகியிருக்கும்போது, முதலில் கையால் சிறிதளவு பாலைப் பீய்ச்சிவிட்டு, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மென்மையான பின்னரே குழந்தைக்குக் கொடுங்கள். பெருவிரலையும் சுட்டுவிரலையும் கருவட்டத்தின் ஓரத்தில் எதிரெதிரே வைத்து, நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றுசேர்க்க வேண்டும். தோலின்மேல் இழுத்துத் தேய்க்கக் கூடாது. விரல் வைக்கும் இடம் பிடிபடாவிட்டால், குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது காட்டச் சொல்லுங்கள்.

கருவட்டம் இறுகினால் காம்பு தட்டையாகி, அதன் நுனி மட்டுமே குழந்தையின் வாயில் அகப்படுவதால், தாய்க்குக் காம்பு வெடிக்கிறது, பிள்ளையும் வயிறு நிறையாமல் அழுகிறது. இதைப் பால் வற்றிவிட்டதாக எண்ணிப் பால்மாப் பெட்டி வாங்குவது வீண் செலவு. வயலுக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ சென்று மாலையில் திரும்பும் வன்னித் தாய்மாருக்கு இம்முறை பெரிதும் உதவும்.

குழந்தை நன்றாகப் பற்றிக் குடிக்குமாயின் இது தேவையில்லை. அளவுக்கு மீறிப் பீய்ச்சினால் பால் மேலும் சுரந்து கட்டும். காய்ச்சலுடன் மார்பின் ஒரு பகுதி சிவந்து நோகுமானால், கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அதற்காகப் பால் கொடுப்பதை நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம்.