அதிபரை காங்கிரஸ் நிஜமாகவே தடுத்ததா? ஒரு தீர்மானத்தின் தடம் பிடிப்பது எப்படி

"அதிபருக்கு எதிராக காங்கிரஸ் வாக்களித்தது" என்று அமெரிக்காவிலிருந்து ஒரு தலைப்புச் செய்தி வரும். அதோடு அதிபரின் கை கட்டப்பட்டதா, இல்லையா என்பது செய்தியில் பெரும்பாலும் தெரியாது. காங்கிரஸின், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின், காங்கிரஸ்.கவ் (congress.gov) தளத்தில் பத்து நிமிடம் செலவழித்தால் தெரிந்துவிடும். பழகுவதற்கு நல்ல உதாரணம், 2019-இல் மெக்சிகோ எல்லைச் சுவருக்காக டிரம்ப் அறிவித்த தேசிய அவசரநிலையை ரத்து செய்ய வந்த தீர்மானம்: ஹெச்.ஜே.ரெஸ். 46.

படி 1: எத்தனையாவது காங்கிரஸ்?

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மசோதா எண்கள் மறுபடி 1-இலிருந்து தொடங்கும். எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் சம்பந்தமே இல்லாத ஒன்று வந்து நிற்கும். கணக்கு எளிது: ஆண்டிலிருந்து 1789-ஐக் கழித்து, இரண்டால் வகுத்து, ஒன்றைக் கூட்டுங்கள். 2019 என்றால் 230, அதில் பாதி 115, ஆக 116-ஆவது காங்கிரஸ். இரட்டைப்படை ஆண்டாக இருந்தால் முதலில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் இந்தக் கணக்கு உதைக்கும். புதிய காங்கிரஸ் பதவியேற்பது ஜனவரி 3-இல். பாதுகாப்புத்துறை மசோதா ஹெச்.ஆர். 6395 மீதான அதிபரின் வீட்டோவை (கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பியதை) செனட் முறியடித்தது 2021 ஜனவரி 1-இல். கணக்குப்படி 117 வரும். தேட வேண்டியது 116-இல்.

படி 2: எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகள்

பலரும் வழுக்கி விழுவது இங்கேதான், நிதானமாகப் பாருங்கள். ஹெச்.ஆர். (பிரதிநிதிகள் சபை), எஸ். (செனட்) இரண்டும் சாதாரண மசோதாக்கள். 'ஜே.ரெஸ்.' என்றால் கூட்டுத் தீர்மானம்: இரு சபைகளிலும் நிறைவேறி அதிபரின் மேசைக்குப் போகும், அவர் வீட்டோ செய்யலாம். 'கான்.ரெஸ்.' இரு சபைகளோடு முடிந்துவிடும், அதிபரிடம் போகாது, சட்ட பலமும் இல்லை. வெறும் 'ரெஸ்.' ஒரே சபையின் தீர்மானம்.

2020-இல் ஈரான் விவகாரத்தில் ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு தீர்மானங்கள் வந்தன. ஹெச்.கான்.ரெஸ். 83 பிரதிநிதிகள் சபையில் 224–194 என நிறைவேறியது. அதிபரிடம் போகவே இல்லை. எஸ்.ஜே.ரெஸ். 68 இரு சபைகளையும் தாண்டிப் போய் மே 6-இல் வீட்டோ வாங்கியது. அதிபரோடு நேருக்கு நேர் மோதியது இரண்டாவதுதான்.

இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. 1976-இன் தேசிய அவசரநிலைச் சட்டம் முதலில், அதிபரின் கையெழுத்து இல்லாமல், 'கான்.ரெஸ்.' வழியாகவே அவசரநிலையை முடித்துவைக்க காங்கிரஸுக்கு இடம் கொடுத்தது. 1983-இல் சத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வகை அதிகாரமே செல்லாது என்றது. (கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரை நாடு கடத்துவது பற்றிய வழக்கு அது.) 1985-இல் சட்டத்தைக் கூட்டுத் தீர்மானமாகத் திருத்தினார்கள். அதாவது, அதிபர் அறிவித்த அவசரநிலையை முடிக்க அதே அதிபரின் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் அவரது வீட்டோவை முறியடிக்க இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். மூன்றாவது கிளையான நீதிமன்றம் முதல் கிளையான காங்கிரஸின் கடிவாளத்தை அறுக்க, லாபம் இரண்டாவது கிளையான அதிபருக்குப் போனது.

படி 3: 'ஆக்‌ஷன்ஸ்' பட்டியல்

பக்கத்தின் மேலே இருக்கும் நிலைக்கோட்டை நம்பி நிற்காதீர்கள், அது சுருக்கம்தான். 'ஆக்‌ஷன்ஸ்' தாவலைத் (டேப்) திறந்து கீழிருந்து மேலாகப் படியுங்கள். நம் தீர்மானத்தில்: பிப்ரவரி 26, பிரதிநிதிகள் சபை, 245–182. மார்ச் 14, செனட், 59–41. மார்ச் 15, வீட்டோ. குடியரசுக் கட்சி கையில் இருந்த செனட்டில் இது எப்படி வாக்கெடுப்புக்கே வந்தது? குழு 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும், பிறகு 3 நாளுக்குள் சபை வாக்களிக்க வேண்டும் என்று அவசரநிலைச் சட்டமே கெடு வைத்திருக்கிறது. பெரும்பான்மைத் தலைவர் கிடப்பில் போட முடியாது.

படி 4: மூன்றில் இரண்டு, எதில்?

435-இல் மூன்றில் இரண்டு 290 என்று கணக்குப் போடாதீர்கள். வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு என்பதுதான் விதி. நம் தீர்மானத்தின் வீட்டோவை முறியடிக்க மார்ச் 26-இல் பிரதிநிதிகள் சபையில் விழுந்த வாக்கு 248–181. மொத்தம் 429, தேவை 286, குறைந்தது 38. மசோதா எந்தச் சபையில் பிறந்ததோ அங்கேதான் முதலில் வாக்கெடுப்பு. அங்கே தோற்றால் அடுத்த சபைக்குப் போகாது. அதனால் இரண்டாவது சபையின் வாக்கைத் தேடி அலைய வேண்டாம்.

முறியடிக்கப்பட்ட வீட்டோ எப்படி இருக்கும் என்று பார்க்க 2016-இன் எஸ். 2040-ஐத் திறவுங்கள்: செனட் 97–1, பிரதிநிதிகள் சபை 348–77. ஒபாமாவின் வீட்டோக்களில் முறியடிக்கப்பட்டது அது ஒன்றுதான்.

படி 5: காங்கிரஸ்.கவ் முடியும் இடத்துக்கு அப்பால்

வீட்டோ நின்றபின் சண்டை நீதிமன்றத்துக்குப் போகும். அது இந்தத் தளத்தில் வராது. உச்ச நீதிமன்றத் தளத்தின் வழக்குத் தேடலில் 19ஏ60 என்று போடுங்கள். சுவருக்குப் பணம் செலவழிக்கக் கூடாதென்று கீழ் நீதிமன்றம் போட்ட தடையை 2019 ஜூலை 26-இல் நிறுத்திவைத்த உத்தரவு கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. அந்த உத்தரவு பேசும் 250 கோடி டாலர், அவசரநிலை அறிவிப்பிலிருந்து வந்ததல்ல. பாதுகாப்புத்துறைக்குள் நிதியை மாற்றிக்கொள்ளும் வேறொரு அதிகாரத்தில் எடுத்தது. அவசரநிலையைக் காட்டி எடுத்தது ராணுவக் கட்டுமான நிதி 360 கோடி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால், தீர்மானம் ஜெயித்திருந்தால் சுவரே நின்றிருக்கும் என்று தவறாக முடிவு கட்டிவிடுவீர்கள்.

பின்சேர்க்கை: அந்த 10 நாள்

'அதிபர் 10 நாள் சும்மா இருந்தால் மசோதா சட்டமாகிவிடுமே, ஹெச்.ஆர். 6395-க்கு ஏன் 12 நாள்?' என்ற சந்தேகம் பலருக்கும் வருகிறது. நாள் எண்ணுவது நிறைவேறிய தேதியிலிருந்து அல்ல, 'அதிபரிடம் அளிக்கப்பட்டது' என்ற வரியிலிருந்து, ஞாயிறு சேராது. ஹெச்.ஆர். 6395 அதிபரிடம் போனது 2020 டிசம்பர் 11. மறுநாள் முதல் எண்ணி, 13, 20 ஆகிய ஞாயிறுகளை விட்டால் பத்தாம் நாள் டிசம்பர் 23. டிரம்ப் வீட்டோ செய்த தேதியும் அதுவே. கெடு முடியும்போது காங்கிரஸ் கலைந்து போயிருந்து, மசோதாவைத் திருப்பி அனுப்ப வழியில்லாமல் போனால், கையெழுத்துப் போடாமலே மசோதா செத்துவிடும். அதை முறியடிக்க வாக்கெடுப்பும் கிடையாது. புதிய எண்ணில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.